நடுரோட்டுத் திட்டு

எங்கள் வீட்டு வாசலுக்கும் எதிரே இருக்கிற பள்ளிக்கூட வாசலுக்கும் நடுவில் ஒரு ரோடு. அவ்வளவுதான். இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அந்த ரோட்டைக் கடக்க என் மனைவியை ஒரு வருஷத்துக்கும் மேலாக ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டு முன்னால் ஏற்றி, இடது பக்கமாகவே போய், வளைவு தாண்டி ரோடு கொஞ்சம் அமைதியாகிற இடத்தில் திரும்பி, மறுபடி அத்தனை தூரம் வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்குவேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எங்கள் ஊர் அடி அண்ணாமலையே சிரித்தது.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிறாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷத்திலிருந்து அதே அடுப்பு. எந்தப் பிள்ளை முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கும், எது இரண்டாம் தடவை கேட்க வெட்கப்படும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் ஒருநாள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது சொன்னாள்.

"மூட்டை மாதிரி ஏத்தி இறக்கறீங்க. எனக்கே கூச்சமா இருக்குது. முழுப்பரீட்சை முடியட்டும், வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல கெடக்கறேன்."

அவள் அந்த ரோட்டுக்குப் பயந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குட்டி யானை ஓட்டுகிறவன். நிஜ யானை இல்லை, ஊரெல்லாம் அப்படிக் கூப்பிடுகிற சின்ன லோடு வண்டி. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கத்தரிக்காயும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் ஏற்றித் திருவண்ணாமலையில் இறக்குவேன். வண்டிக்கு நானே தேடிப் பிடித்து மாட்டிய ஆரன் ஒன்று உண்டு. இரண்டு குரலில் பாடும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் வருகிறேன் என்று தெருமுனையில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ரோடு என்பது வண்டிக்குப் போட்டது, நடக்கிறவன் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அப்போது என் சட்டம்.

எங்கள் வீட்டு முன்னால் போவது மலையைச் சுற்றுகிற கிரிவல ரோடு. பௌர்ணமிக்கு அதில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு ரோடு முழுக்க மனுஷக் கால்தான். எங்களுக்கு அது வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் நடுரோட்டில் உட்கார்ந்து விளையாடும். உப்பு வாங்கப் போகிறவள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் போவாள், வருவாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அப்படி இருந்துவிட்டால் காலுக்கு வண்டி என்ற ஒன்று மறந்தே போய்விடும். வெளியூர்க்காரர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். நாங்கள் செய்வோம்.

அப்படி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை. நான் காலி வண்டியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தடுப்பு இன்னும் எடுக்கவில்லை. "பத்து நிமிஷம் இருங்க, ஜனம் இன்னும் நடந்துட்டிருக்குது," என்றார் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள். யார் இருந்தோம்? ஆளாளுக்கு ஆரன் அடித்தோம். என் ஆரன்தான் அதில் ஜாஸ்தி. பால் வண்டி ஒன்றுக்கு வழி விட அவர் ஒரு தடுப்பை நகர்த்தினார். அந்தச் சந்தில் பால் வண்டியை முந்திக்கொண்டு ஒரு பைக் பாய்ந்தது. அதன் பின்னால் நாங்களும் நுழைந்துவிட்டோம். நான் நாலாவது வண்டி.

எங்கள் வீட்டுக்கிட்டே வரும்போது நடுரோட்டில் கூட்டம். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்களே என்று ஆரன் அடித்தேன். யாரும் நகரவில்லை. கோபமாக இறங்கிப் போய்ப் பார்த்தால் கீழே கிடப்பது என் மனைவி. கையிலிருந்த சாம்பார்ப் பொடி டப்பா உருண்டு ரோடெல்லாம் சிவப்பு. பொடி எது ரத்தம் எது என்று தெரியவில்லை. அந்த முதல் பைக்தான் இடித்திருக்கிறது.

முட்டி எலும்பு உடைந்து தகடு வைத்தார்கள். மூன்று மாசத்தில் நடந்தாள். கொஞ்சம் சாய்ந்த நடை, ஆனால் நடை. வேலைக்கும் திரும்பினாள். ரோடு மட்டும் முடியவில்லை. விளிம்பு வரைக்கும் போவாள், நிற்பாள், முந்தானையை இழுத்துச் சொருகுவாள், திரும்பி வந்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் ஸ்கூட்டர் சவாரி. நாலாவது வண்டி நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ரோடு ஆபீஸிலிருந்து அந்த இன்ஜினியரம்மா வந்தது தை மாசத்தில். முப்பது வயசு இருக்கும். தலையில் தொப்பி, கையில் அட்டையும் பென்சிலும். டீக்கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ரோட்டையே பார்ப்பார், கோடு போடுவார். ரோட்டோரம் சாக்பீஸில் இரண்டு அடையாளம் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி வர எத்தனை நேரம் என்று போனில் பார்ப்பார். அபராதம் போடத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று டீக்கடைக்காரர் கிளப்பிவிட்டார். உடனே அந்த ரோட்டில் எல்லாரும் உத்தமர்கள் ஆகிவிட்டோம். நான் மாட்டு வண்டி வேகத்தில் போனேன். ஒரே நாளில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுநாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட ஜன்னலுக்கு உள்ளே போய் உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் நிஜ வேகம் எல்லாம் அவர் அட்டையில் ஏறிவிட்டது.

வந்த நாளிலிருந்தே எங்கள் சவாரியையும் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் நான் மனைவியை இறக்கிவிடும்போது வெளியே வந்தார்.

"அண்ணா, ஒரு சந்தேகம். இவங்கள நான் நடக்கறவங்க பக்கம் எழுதறதா, வண்டில போறவங்க பக்கம் எழுதறதா? மூணு நாளா எந்தக் கட்டத்துலயும் அடங்க மாட்றீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதனால் நான் கோபத்தை முழுங்கிக்கொண்டேன்.

அவர் விஷயத்தைக் கேட்டார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, தைரியமா இருங்க என்றும் சொல்லவில்லை. டேப்பை எடுத்து ரோட்டின் அகலத்தை அளந்தார். அதே அகலத்துக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வரிசை செங்கல் வைத்தார். "அக்கா, இங்கேர்ந்து அங்க வரைக்கும் உங்க நடையில நடங்க. அவசரமே வேணாம்," என்றார். அவள் நடந்தாள். ஐந்து தடவை நடக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதிக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு சமையல் கூடத்துக்கே வந்தார்.

"அக்கா, உங்க கால்ல பிரச்சன கம்மி. ரோட்லதான் ஜாஸ்தி. காலைல நீங்க கடக்கற நேரத்துல ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல விழற இடைவெளி உங்க நடைக்குப் பத்தாது. நான் பாத்த மூணு நாள்ல ஒரு தடவை கூடப் பத்தல."

"அப்ப எல்லாரும் எனக்குப் பயம் பயம்னு சொன்னாங்களேம்மா?"

"உங்க கண்ணு சரியாத்தான் கணக்கு போட்டிருக்குது. போக முடியாதுன்னு சொல்லுது, நிக்கறீங்க. அதுக்குப் பேரு பயம்னா எங்க புஸ்தகம் முழுக்கப் பயந்தான்."

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக நானும் என் சொந்தக்காரர்களும் டாக்டரும் சேர்ந்து அவளுக்குக் கொடுக்க முடியாததை ஒரு டேப்பும் பென்சிலும் வைத்துக்கொண்டு இந்த அம்மா கொடுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

ஒரே மூச்சில் கடக்க முடியாத ரோட்டைப் பாதி பாதியாகக் கடக்கலாம் என்பது அவர் யோசனை. நடுரோட்டில் ஒரு சின்ன மேடை. முதல் பாதியைக் கடந்து அங்கே நின்று மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு அடுத்த பாதி. அவர் அதைத் தீவு என்றார். எங்கள் ஊர் வாயில் அது உடனே திட்டு ஆகிவிட்டது.

படத்தை விரித்துக் காட்டியபோது என் மனைவி குனிந்து பார்த்தாள். நடைபாதையைப் பள்ளிக்கூடம் இருக்கிற மலைப் பக்கமாகப் போட்டிருந்தார். அங்கேதான் இடம் தாராளமாக இருக்கிறது.

"அந்தப் பக்கம் யாரும் நடக்க மாட்டாங்கம்மா," என்றாள்.

"ஏங்க்கா?"

"அது சித்தருங்க நடக்கற பக்கம். வலம் வர்றவங்க இடது ஓரமாத்தான் போவாங்க. நீங்க தங்கத்துல போட்டாலும் மலைப் பக்கம் கால வைக்க மாட்டாங்க."

வேறு ஆபீஸராக இருந்தால் சிரித்திருப்பார். இவர் அட்டையைத் திருப்பித் தன் கோடுகளைப் பார்த்தார். மூன்று நாள் பகல் முழுக்க நடந்தவர்களில் மலைப் பக்கம் போட்ட கோடு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். "நானே எழுதி வெச்சிருக்கேன், நானே பாக்கல," என்று தலையில் தட்டிக்கொண்டார். அங்கேயே ரப்பரால் நடைபாதையை அழித்து எங்கள் வீட்டுப் பக்கம் வரைந்தார். "சித்தருங்களுக்கு அவங்க இடத்த விட்டாச்சு," என்றார்.

என்னுடைய சண்டை வேறு. "நடுவுல திட்டு வெச்சா வண்டிக்கு எடம் கம்மியாயிடுமே மேடம். அப்புறம் நாங்க எப்படிப் போறது?" என்றேன்.

"மெதுவாப் போவீங்கண்ணா. அகலமா இருந்தா கால் தானா அமுக்கும். அமுக்குமா, அமுக்காதா?"

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், என் கால் என்னைக் கேட்காமலே அமுக்குகிற இடங்கள் எவை என்று எனக்குத் தெரியும். அது மனசைப் பொறுத்தது என்று நினைத்திருந்தேன். ரோட்டை வரைந்தவர் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசியாக அவர் டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது என் மனைவி அடிபட்ட காலையைப் பற்றிக் கேட்டார். "தடுப்பு நகந்ததும் எத்தன வண்டி வந்துச்சு? எப்படி வந்துச்சு? யாராச்சும் பாத்தீங்களா?" எல்லாரும் டீயைப் பார்த்தார்கள். அவருடைய அட்டையில் பொய்யான கோடு ஒன்று கூடக் கிடையாது என்று எனக்குத் தெரியும். என்னால் அது ஒன்று விழ வேண்டாம் என்று தோன்றியது. என் மனைவியும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பால் வண்டிக்கு விட்ட சந்துல பூந்துட்டோம் மேடம். மொதல்ல பைக்கு. நான் நாலாவது வண்டி," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். என் மனைவி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "கீழ விழுந்து கெடக்கும்போது உங்க ஆரன் சத்தம் காதுல விழுந்துச்சு."

அவ்வளவுதான் பேசினாள். ஒரு வருஷமாகத் தெரிந்தே என் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுநாள் அந்த ஆரனைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். அதைப் பற்றியும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மேடை கட்டுவதற்கு முன்னால் இன்ஜினியரம்மா மணல் மூட்டையை அடுக்கிச் சோதித்துப் பார்த்தார். பௌர்ணமிக் கூட்டம் இதில் இடறி விழும் என்று ஊரில் பாதிப் பேர் கத்தினார்கள். நியாயமான பேச்சுதான். ஒரு பௌர்ணமி முழுக்க மூட்டைகளை விட்டுப் பார்ப்போம் என்றார். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒருவரும் விழவில்லை. எல்லாரும் அதன் மேல் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு மூட்டைக்கு மஞ்சள், குங்குமம். முன்னால் கற்பூரம் ஏற்றிய கரி. இன்னும் இரண்டு பௌர்ணமி விட்டிருந்தால் உண்டியலே வைத்திருப்பார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தக் கரியின் மேலேயே டேப்பை வைத்து அளந்தார்.

கட்டி முடித்த திட்டில் அந்தச் சிரிப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது. யாரும் உட்கார முடியாதபடி மேல்பக்கம் சரிவு. இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற கம்பம் இரண்டு முனையிலும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் கடந்து போகிற வழி ரோட்டு மட்டத்துக்கே இருக்கிறது, முட்டியைத் தூக்க வேண்டாம். அந்த வழியும் நேராகப் போகாது. கொஞ்சம் கோணலாகத் திரும்பும். ஏதோ மேஸ்திரி தப்பாகக் கட்டிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். அப்படித் திரும்பினால் அடுத்த பாதியில் வண்டி வருகிற திசைக்கு முகம் தானாகத் திரும்பிவிடும் என்றார். பார்க்க மறந்தாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். இதற்கெல்லாம் யாரும் மாலை போட மாட்டார்கள், கடக்கிறவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையையும் அவர் விடவில்லை. தடுப்பை எடுத்ததும் குப்பை அள்ளுகிற டிராக்டர்தான் முதலில் போக வேண்டும், மற்ற வண்டியெல்லாம் அதன் பின்னால் என்று பேசி ஏற்பாடு செய்தார். நடுவில் திட்டு இருப்பதால் அதை முந்தவும் முடியாது. இப்போது அந்தக் காலையில் ஊர்ந்து போகிற டிராக்டரைப் பார்த்துத்தான் எங்கள் கால்களுக்கு வண்டி ஞாபகம் வருகிறது.

எல்லாம் ஆயிற்று, என் மனைவி மட்டும் கடக்கவில்லை. விளிம்புக்குப் போனாள், திட்டைப் பார்த்தாள், ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். முழுப்பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. வேலையை விடுகிற கடிதத்தை எழுதி மஞ்சள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். அந்த இன்ஜினியரம்மாவுக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போகும்போது வந்து, "அக்கா எப்ப தோணுதோ அப்ப கடக்கட்டும்ணா. நீங்க அவசரப்படுத்தாதீங்க," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அவசரப்படுத்தவில்லை. தினமும் எட்டேகாலுக்கு வண்டியை விட்டுவிட்டு வந்து ஸ்கூட்டரை எடுத்தேன்.

அன்றைக்கு டவுனில் லோடு இறக்க நேரமாகிவிட்டது. எட்டரை தாண்டிவிட்டது. காஞ்சி ரோடு வழியாக அரக்கப் பரக்க வந்தேன். எங்கள் வீட்டுக்கிட்டே ரோடு குறுகுகிற இடத்தில் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. பழக்கமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் திட்டின் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் சாம்பார்ப் பொடி டப்பா.

முதல் பாதியைத் தனியாகக் கடந்து வந்திருக்கிறாள். கோணல் வழி அவளைத் திருப்பி நேராக என் வண்டிக்கு முன்னால் நிறுத்தியிருந்தது. என்னைப் பார்த்தாள். புருஷன் என்று ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு? ஒன்றும் கிடையாது. ஏதோ ஒரு வண்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வண்டி முழுசாக நிற்கிறவரை நகரவில்லை. நின்ற பிறகு ஒரு கையைக் காட்டிவிட்டு, சாய்ந்த நடையில், அவசரமே இல்லாமல் கடந்தாள். எனக்குப் பின்னால் நாலு வண்டி நின்றன. ஒருத்தன் ஆரன் அடித்தான். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவனைப் பார்த்த பார்வையில் ஆரனை நிறுத்திவிட்டான். பள்ளிக்கூட வாசலுக்குள் அவள் முந்தானை மறைகிற வரைக்கும் நான் வண்டியை எடுக்கவில்லை. கண்ணில் நீர் மறைத்து ரோடும் சரியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவளாகவே நடந்து வந்து எனக்கு முன்னால் வீட்டில் இருந்தாள். மஞ்சள் டப்பாவுக்கு அடியில் கடிதம் இல்லை. அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"இன்னாங்க வண்டி ஓட்றீங்க? கோட்டுக்குப் பின்னாடி நிறுத்தணும்னு தெரியாதா? முன் சக்கரம் கோட்டு மேல ஏறி நிக்குது. அந்தம்மா எத்தன நாள் வெயில்ல உக்காந்து அளந்து போட்ட கோடு அது. கண்ண எங்க வெச்சிருந்தீங்க? இதுல ஊருக்குப் பெரிய டிரைவராம். இன்னொரு தடவ கோட்டத் தொட்டீங்கன்னா, நடுரோட்ல நிக்க வெச்சுக் கேப்பேன், ஆமா!"

பால் பொங்கி வழிந்தது. அவள் அதைக்கூடக் கவனிக்காமல் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வருஷமாகக் காத்திருந்த திட்டை முழுசாக வாங்கிக்கொண்டேன்.